வாசிக்காமல் வைத்த கையெழுத்து

1. கேஸ் போடுகிற மிஸ்ஸி

மயக்க மருந்து கொடுத்த டொக்டரை யாருக்கும் நினைவிருப்பதில்லை. வெட்டியவரை நினைவிருக்கும். தையல் பிரித்த தாதியை நினைவிருக்கும். கஞ்சி கொண்டுவந்த அட்டெண்டனைக்கூட வருடக்கணக்காக ஞாபகம் வைத்துச் சிரிப்பார்கள். என்னைத் தெருவில் கண்டால் மட்டும் எங்கேயோ பார்த்த முகம் என்பார்கள். பார்த்ததும் தூங்கிப் போனவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

மாத்தளை மாவட்டத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருபத்து நான்கு வருடம் மயக்க மருந்து டொக்டராக வேலை செய்தேன். அப்பா மாவட்டக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகத்தோடு வடக்கிலிருந்து இங்கே வந்தவர். நான் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். வேலையை ஏற்ற முதல் நாள், ஒப்பரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு பெரியவர் என்னைத் தாதி என்று நினைத்துக் கூப்பிட்டு, "மிஸ்ஸி, கேஸ் போடுற டொக்டர் எப்ப வருவாரு?" என்று கேட்டார். மயக்க வாயுவைத்தான் கேஸ் என்றார். நான்தான் அந்த டொக்டர் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மகனிடம் போய், கண்டி ஆஸ்பத்திரிக்கே போய்விடலாமா என்று கதைத்தார். உள்ளே போனால் சர்ஜன் கேட்ட முதல் கேள்வி, கெதியாக, நேரம் எடுக்காமல் மயக்குவீர்களா என்பது. என் பெயரைக் கேட்க அவருக்கு ஒரு கிழமை, ஏழு நாள், எடுத்தது.

இளம் டொக்டர்மாரும் தாதிமாரும் இதை வாசிப்பார்கள் என்று நம்பி எழுதுகிறேன். பல சத்திரசிகிச்சைகளைப் பற்றி எழுதலாம். ஒன்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

2. "வாய் தூங்கிட்டா யாரு சொல்லுவா?"

எண்பத்தொன்பதாம் வருடம் மாத்தளையில் இருந்தவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அரசாங்கத்துக்கு எதிராகச் சிங்கள இளைஞர்கள் கிளர்ந்தெழுந்து, படை அவர்களை வேட்டையாடிய வருடம் அது. காலையில் வேலைக்கு நடந்து வரும்போது ரோட்டோரம் எதைக் காண்போம் என்று தெரியாது. யார் வேலைக்குப் போகக்கூடாது என்று மதிலில் ஒட்டிய காகிதம் சொல்லும். எத்தனை மணிக்கு வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஊரடங்குச் சட்டம் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற சில மணித்தியாலத்துக்குள் நாங்கள் சத்திரசிகிச்சை செய்தோம்.

அந்த வருடம் பெண்கள் வாட்டில் அடுத்தடுத்த கட்டில்களில் இரண்டு பேர் இருந்தார்கள். இருவருக்கும் மார்பகப் புற்றுநோய். ஹாஜரா, மாத்தளை டவுனில் மிளகும் கறாம்பும் வாங்கி விற்கிற குடும்பம், முப்பத்தெட்டு வயது. பரமேஸ்வரி, பல்லேபொலப் பக்கம் தபால் கந்தோரில் வேலை, அவரைவிட மூன்று வயது கூட. ஆனாலும் ஊர் வழக்கத்தில் ஹாஜராவை "ராத்தா", அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டார். நான்கு நாளில் இருவரும் ஒரே பிளேட்டில் பப்பாளி சாப்பிடுகிற அளவுக்குச் சிநேகிதம்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் நான் வாட்டுக்குப் போய் ஹாஜராவுக்கு விளக்கினேன். கையில் ஊசி போடுவோம், தூங்கிவிடுவீர்கள், தொண்டையில் ரியூப் வைத்து ஹலோதேன் கேஸ் கொடுப்போம், எழும்பும்போது எல்லாம் முடிந்திருக்கும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டொக்டர், வெட்டுங்க, தைங்க, என்ன வேணுன்னாலும் செய்ங்க. என்னைய மட்டும் தூங்க வைக்காதீங்க. மௌத்து வந்தா என் வாயில கலிமா இருக்கணும். வாய் தூங்கிட்டா யாரு சொல்லுவா?"

கலிமா என்பது முஸ்லிம்களின் விசுவாச வாக்கியம். உயிர் பிரியும் நேரம் அது நாவில் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய பெரிய ஆசை. சாகக் கிடக்கிறவரின் காதருகே குனிந்து உறவுக்காரர்கள் அதைச் சொல்லிக் கொடுப்பதை நானே வாட்டில் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் எனக்குக் கோபம்தான் வந்தது. என்னிடம் வருகிறவர் சாகப் போவதாக அவராகவே முடிவு செய்துகொண்டு வருவது என் தொழிலுக்கு மரியாதையா?

கோபம் இறங்கியபின் யோசித்தேன். கொழும்பில் படித்த காலத்தில் ஒரு முறை பழகியிருந்தேன். முதுகெலும்புக்குப் பக்கத்தில், நரம்புகள் வெளியே வருகிற இடங்களில் வரிசையாக விறைப்பு ஊசி போட்டால் நெஞ்சின் ஒரு பக்கம் மட்டும் விறைக்கும். ஆள் விழித்திருப்பார். நாங்கள் புளொக் என்போம். நேரம் எடுக்கிற வேலை, கை தவறினால் நுரையீரலில் ஓட்டை. ஆனாலும் செய்யலாம்.

"சரி, தூங்க வைக்க மாட்டேன்," என்றேன். "நான் சொன்னா சொன்னதுதான்."

3. டிராக்டரில் வந்தவர்

மறுநாள் காலை முதலில் ஹாஜரா. புளொக் நன்றாகப் பிடித்தது. தியேட்டர் சிஸ்டர் நந்தா, மெலிந்த, அதிகம் பேசாத சிங்களப் பெண், ஹாஜராவின் தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொண்டார். கத்தி வைத்த நிமிடத்திலிருந்து ஹாஜரா சத்தமாகக் கலிமா சொல்லத் தொடங்கினார். நிறுத்தவேயில்லை. இப்படி ஒரு இரைச்சலில் எப்படி வேலை செய்வது என்று சர்ஜன் முணுமுணுத்தார். நோயாளி இரைச்சல் போடுகிறார் என்றால் மூச்சு ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம் என்றேன்.

ஒரு மணித்தியாலம் தாண்டியிருக்கும். சர்ஜன் கட்டியை எடுத்துவிட்டு அக்குள் பக்கம் போகத் தொடங்கியிருந்தார். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு அட்டெண்டன் வந்தார். டிராக்டரில் ஓர் ஆளைக் கொண்டுவந்திருக்கிறார்கள், கழுத்தில் துவக்குக் குண்டு பாய்ந்திருக்கிறது, மூச்சுவிட முடியவில்லை, ரியூப் போட ஆள் வேண்டும். அன்று ஆஸ்பத்திரியில் ரியூப் போடத் தெரிந்த கை என்னுடையது மட்டும்தான். மூன்று மாத அனுபவமுள்ள ஹவுஸ் ஒபிசர், பயிற்சி டொக்டர் ஒருவரை ஹாஜராவின் பக்கத்தில் நிறுத்திவிட்டு ஓடினேன்.

கீழே நான் கண்டதை விரிவாக எழுத மாட்டேன். ரியூப் போட்டேன். பையை அமுக்கி மூச்சுக் கொடுத்தேன். ஐம்பது நிமிடத்துக்கு மேல் அமுக்கினேன். அவருடைய சட்டைப் பையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெயர் எழுதிய ஒரு காகிதம் இருந்தது. வாத்தியார் என்று நினைக்கிறேன். என் கைக்குக் கீழேயே இறந்துபோனார்.

நான் மேலே திரும்பியபோது ஹாஜராவுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கண் பாதி மூடியிருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. எல்லாம் சரியா என்று கேட்டேன். கடைசியில் கொஞ்சம் வலித்தது, சமாளித்தோம், எல்லாம் எழுதியிருக்கிறேன் என்றார் நந்தா. தியேட்டர் ரெஜிஸ்டரை நீட்டினார். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நிமிடம் என்று எழுதும் தடித்த புத்தகம் அது. ஒவ்வொரு ஒப்பரேஷனின் முடிவிலும் மயக்க மருந்து டொக்டர் கையெழுத்து வைக்க வேண்டும். பேனாவை வாங்கினேன். நந்தா விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன்.

அடுத்தது பரமேஸ்வரி. டிரொலியில் படுத்தபடி கேட்டார், "ஹாஜரா ராத்தாவுக்கு போட்ட மாதிரியே எனக்கும் போடுவீங்களா டொக்டர்? கேஸ் போட்டா எனக்கு ஒத்துக்கிறதில்ல, வாந்தி வரும்."

மூன்று மணிக்கு ஊரடங்கு. புளொக் போட அரை மணித்தியாலம் வேண்டும். என் சட்டையின் ஓரத்தில் அந்த வாத்தியாரின் இரத்தம் காய்ந்திருந்தது. "அடுத்த முறை பார்ப்போம்," என்று சொல்லி ஊசியைப் போட்டேன். ரியூப், ஹலோதேன், மோர்பீன். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அடுத்த முறை! புற்றுநோய்க்காரியிடம் சொல்கிற பேச்சா அது?

மறுநாள் வாட்டில் ஹாஜரா கட்டிலில் எழும்பி உட்கார்ந்திருந்தார். "முழுசா முழிச்சிருந்தேன் டொக்டர். ஒரு கலிமாவும் விடல்ல," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பரமேஸ்வரி சட்டியை மடியில் வைத்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

4. கண்டியில் கேட்டது

மூன்று வருடத்தில் பரமேஸ்வரிக்கு நோய் திரும்பி வந்தது, இந்தமுறை எலும்பில். அதற்கடுத்த வருடம் இறந்துபோனார். மகள் சுமதிக்கு அப்போது பதினேழு வயது. ஹாஜராவுக்கு நோய் திரும்பவில்லை. பெருநாள் தவறாமல் வட்டிலப்பம் என்ற இனிப்பைச் செய்து சுமதி வீட்டுக்கு அனுப்புவார். எனக்கும் ஒரு கிண்ணம் வரும்.

சாவுச் செய்தி வந்தபோது வருத்தப்பட்டேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. அந்த நோய் சிலரை விடும், சிலரை விடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

பல வருடம் கழித்து, நான் ஓய்வு பெற இன்னும் கொஞ்சக் காலமே இருந்தபோது, கண்டியில் மயக்க மருந்து டொக்டர்மார் கூட்டம் ஒன்றுக்குப் போனேன். அங்கே ஒருவர் புதிய கருத்து ஒன்றைப் பற்றிப் பேசினார். கட்டியை வெட்டும்போது சில புற்றுநோய்க் கலங்கள், அதாவது செல்கள், இரத்தத்தில் கலக்கலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அவற்றைத் தேடி அழிக்க வேண்டும். ஆனால் சத்திரசிகிச்சையின் அதிர்ச்சியும், நாங்கள் கொடுக்கிற கேஸும் மோர்பீனும் அந்தச் சக்தியைச் சில நாட்களுக்கு அமர்த்திவிடக்கூடும். நரம்பை விறைக்கச் செய்து புளொக்கில் வெட்டினால் இந்தப் பாதிப்புக் குறையலாம், நோய் திரும்புவதும் குறையலாம். பழைய நோயாளிகளின் குறிப்புகளைப் புரட்டிய சிலருக்கு இப்படி ஒரு சந்தேகம் வந்திருக்கிறது, நிரூபிக்கப்படவில்லை, இதை வைத்து இப்போதே யாரும் முறையை மாற்ற வேண்டாம் என்றும் அவர் தெளிவாகச் சொன்னார்.

கடைசியாக அவர் சொன்னது என் காதில் ஏறவேயில்லை. ஒரே நாள், ஒரே சர்ஜன், ஒரே நோய். ஒருத்திக்குப் புளொக், உயிரோடு இருக்கிறாள். கேட்டும் கொடுக்காத ஒருத்தி செத்துப் போனாள். தேநீர் இடைவேளையில் எல்லோரும் பட்டிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே போய் மதிலோரம் நின்றேன். ஒருவரைக் கொன்றுவிட்டேன் என்று ஐம்பத்தைந்து வயதில் தெரியவந்தால் எப்படி இருக்கும் என்று யாரிடம் கேட்பது?

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. அடுத்த பெருநாளில் ஹாஜரா வீட்டுக்குப் போனபோது, நீங்கள் விழித்திருந்ததுதான் உங்களைக் காப்பாற்றியிருக்கும் போல, இப்போது அப்படியும் சொல்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். பரமேஸ்வரியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. ஹாஜரா என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

5. சுமதி

அடுத்த வருடம் சுமதி வந்தாள். முப்பத்திரண்டு வயது, யட்டவத்தையில் டீச்சர். இடது மார்பில் கட்டி. அம்மாவுக்கு வந்த அதே நோய்.

புது சர்ஜன் இரண்டு கிழமைக்குள் திகதி கொடுத்தார். சுமதி வரவில்லை. இன்னொரு திகதி கொடுத்தார். அதற்கும் வரவில்லை. ஆறு கிழமை போனபின் என்னைத் தேடி தியேட்டர் வாசலுக்கு வந்தாள்.

"டொக்டர், அம்மாவ கேஸ்ல போட்டீங்க. ஹாஜரா ஆன்ட்டிய முழிக்க வச்சீங்க. யாரு இருக்காங்கன்னு நீங்களே பாருங்க," என்றாள். "எனக்கு கேஸ் வேணாம். நீங்க அந்த ஊசிய போடுறதுன்னா நாளைக்கே வாறேன். இல்லாட்டி கொழும்புலயோ இந்தியாவுலயோ யாரு போடுறாங்கன்னு பார்க்கிறேன்."

நான் சொன்ன பேச்சு சுற்றிவந்து என் முன்னாலேயே நின்றது. அவளைக் குனியச் சொல்லி முதுகைத் தடவிப் பார்த்தேன். சிறு வயதிலிருந்தே அவளுக்கு முதுகெலும்பு வளைவு. அந்த முதுகில் புளொக் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு குத்துவதுதான். சாதாரண முதுகிலேயே நுரையீரலில் குத்திவிடுகிற ஆபத்து இருக்கிறது. சர்ஜன் வெளிப்படையாகவே சொன்னார்: எந்த மயக்கம் என்று நீங்கள் இரண்டு பேரும் விவாதித்துக்கொண்டிருங்கள், கட்டி அதுவரைக்கும் காத்திருக்காது.

புத்தியோடு யோசித்திருந்தால் அன்றே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அவளுடைய அம்மாதான் கண்ணுக்குள் நின்றார். தாய்க்கு மறுத்ததை மகளுக்கும் மறுக்க வாய் வரவில்லை. முயற்சி செய்கிறேன், இரண்டு நாள் தா என்றேன். ஹாஜராவுக்கு எந்தெந்த இடத்தில் எத்தனை மில்லி போட்டேன் என்று பார்த்துக்கொள்ளலாம் என்று பழைய ரெஜிஸ்டரைத் தேடிப் போனேன்.

6. நந்தாவின் கையெழுத்து, என் கையெழுத்து

பழைய ரெஜிஸ்டர்கள் லினன் அறைக்குப் பின்னால் இருந்த களஞ்சியத்தில் கிடந்தன. பாதியைக் கறையான் தின்றிருந்தது. எண்பத்தொன்பது தப்பியிருந்தது. அந்தத் திகதியைக் கண்டுபிடித்து, ஹாஜராவின் வரியில் விரலை வைத்து வாசித்தேன். புளொக் போட்ட இடங்கள், மில்லி எல்லாம் என் எழுத்தில் இருந்தன. அதற்குக் கீழே நந்தாவின் உருண்டையான எழுத்து. அக்குளில் கடும் வலி. சர்ஜன் சொன்னபடி பெத்திடீன், மாஸ்க்கில் ஹலோதேன், நாற்பது நிமிடம். நோயாளி முழுத் தூக்கம்.

அதற்குக் கீழே என் கையெழுத்து.

அங்கே இருந்த சலவைத் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மறுபடி வாசித்தேன். ஹாஜராவுக்கும் கேஸ் போயிருக்கிறது. மோர்பீனின் உறவுக்கார மருந்தும் போயிருக்கிறது. கண்டியில் கேட்ட நாளிலிருந்து நான் தூக்கமில்லாமல் அடுக்கி வைத்திருந்த கணக்கு எல்லாம் பொய். புளொக் ஒருத்தியைக் காப்பாற்றியது, கேஸ் இன்னொருத்தியைக் கொன்றது என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சியே பிழை.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தூங்க வைக்க மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்த பெண்ணை, அவர் மிகவும் பயந்த அதே தூக்கத்தில் நாற்பது நிமிடம் போட்டிருந்தோம். அதற்கு நான் கையெழுத்தும் வைத்திருந்தேன். முழுசா விழித்திருந்தேன் என்று அந்த மனுசி சொன்னதை, பத்தொன்பது வருடம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மருந்து மயக்கத்தில் அந்த நாற்பது நிமிடம் அவருக்கு நினைவில் தங்கவேயில்லை.

மறுநாள் பஸ் ஏறிப் பல்லேபொல போனேன். நடுவில் சோதனைச் சாவடியில் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, மறுபடி ஏற்றினார்கள். ஓய்வு பெற்ற நந்தா அங்கேதான் வீட்டுத் தோட்டத்தில் மிளகுக்கொடியோடு வாழ்ந்துகொண்டிருந்தார். ஏன் அன்றைக்கே என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன், கோபமாகத்தான் கேட்டேன். அவர் திகைத்துப் போனார். எழுதித்தானே தந்தேன், நீங்கள் கையெழுத்து வைத்தீர்களே, வாசித்துவிட்டு வைத்தீர்கள் என்றுதான் நினைத்தேன் என்றார்.

பிறகு அவராகவே ஒன்று சொன்னார். சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"மாஸ்க் வைத்ததும் அந்த அம்மா என் கையை இறுக்கிப் பிடித்து என் முகத்தையே பார்த்தார். வாய் நிற்கப் போகிறது என்று பயம். ஒரு மணித்தியாலமாகக் கேட்டுக் கேட்டு எனக்கு அது மனப்பாடமாகியிருந்தது. அவர் நிறுத்திய இடத்திலிருந்து நான் சொன்னேன், காதுக்குப் பக்கத்தில். அவர் முழிக்கிறவரைக்கும் சொன்னேன். அதை ரெஜிஸ்டரில் எழுத இடம் இல்லை."

7. ஹாஜராவிடம் சொன்னது

சுமதிக்கு மட்டும் உண்மையைச் சொன்னால் போதாது. அவள் நம்ப மாட்டாள். பயத்தில் டொக்டர் கதை மாற்றுகிறார் என்பாள். ஹாஜரா சொல்ல வேண்டும். ஹாஜரா சொல்வதற்கு முதலில் ஹாஜராவிடம் நான் சொல்ல வேண்டும்.

பின்னேரம் போனேன். கடைக்குப் பின்னால் முற்றத்தில் கறாம்பு காயப் போட்டிருந்தது. ஹாஜரா பிரம்புக் கதிரையில் உட்கார்ந்து, பேரப்பிள்ளையின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், என் கையெழுத்து உட்பட. ஊசி நின்றது.

"அப்போ அந்த நாப்பது நிமிசம்," என்றார், "எனக்கு கலிமா யாரு சொன்னா?"

நந்தா சொன்னதைச் சொன்னேன்.

"அவங்க சிங்களவங்கதானே?"

"ஓம்."

"சரியா சொன்னாங்களாமா?"

"நீங்க சொன்னத கேட்டுத்தான் சொன்னாங்க."

அவர் சட்டையை மடித்து மடியில் வைத்தார். அழுதார், சத்தமில்லாமல். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் அன்பு ஒன்றும் இல்லை.

"பத்தொம்பது வருசம் நான் ஊரெல்லாம் போய் முழிச்சிருந்தேன்னு சொல்லியிருக்கேன். அந்தப் புள்ளைக்கிட்டயும் சொன்னேன். அவ உம்மா மௌத்தானதுக்கு கேஸ்தான் காரணம்னு அவ நெனைக்கிறா. என்னைய பொய்க்காரி ஆக்கிட்டீங்க டொக்டர்."

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். எழும்பி முக்காட்டைச் சரிசெய்தார்.

"வாங்க. இருட்டுறதுக்கு முந்தி சுமதிகிட்ட போவோம்."

8. எழும்பியபின்

அங்கே பேசியது ஹாஜராதான். நான் வாசலோரம் நின்றேன். நானும் தூங்கித்தான் இருந்தேன், எனக்கும் அதே கேஸ்தான், உன் உம்மா எதனால போனாங்கன்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும், நீ இனி ஒரு நாளும் பிந்தக்கூடாது என்று ஒரு மூச்சில் சொன்னார். சுமதி என்னைப் பார்த்தாள். ரெஜிஸ்டரின் அந்தப் பக்கத்தைப் போட்டோகொப்பி எடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அதை வாசித்தாள். இரண்டு தடவை வாசித்தாள். பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"நான் தூங்கினதுக்குப் பிறகு எதையாவது மாத்தினா, எழும்பினதும் சொல்லுவீங்களா?"

சொல்வேன் என்றேன். அந்தக் கிழமையே ஒப்பரேஷன் நடந்தது. கேஸ்தான் கொடுத்தேன். எழும்பியதும் கட்டிலருகே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, கொடுத்த மருந்துகள் ஒவ்வொன்றையும் ரெஜிஸ்டரைப் பார்த்தே வாசித்துக் காட்டினேன். அரைத் தூக்கத்தில் தலையாட்டினாள்.

சுமதி இன்றைக்கும் இருக்கிறாள், படிப்பிக்கிறாள். காரணம் கேட்டால் எனக்குத் தெரியாது. நேரத்தோடு வெட்டியது ஒரு காரணமாக இருக்கலாம். நான் ஓய்வு பெற்ற பிறகு, பல நாடுகளில் ஏராளமான பெண்களை இரண்டு வகையாகப் பிரித்து, புளொக்கிலும் கேஸிலும் சத்திரசிகிச்சை செய்து பார்த்தார்கள். மார்பகப் புற்றுநோய் திரும்புவதில் வித்தியாசம் தெரியவில்லை என்றுதான் வந்தது. வேறு புற்றுநோய்களில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள், தேடட்டும். கேள்வி நல்ல கேள்விதான். இரண்டே இரண்டு பெண்களை வைத்து, அதுவும் ஒருத்தியைப் பற்றிப் பிழையாகத் தெரிந்துகொண்டு, பதில் கண்டுபிடித்ததாக நினைத்தேனே, அதுதான் என் முட்டாள்தனம். அதனால் ஒரு பெண்ணின் ஆறு கிழமை போனது.

ஓய்வு பெறும்வரை, நான் தூங்க வைத்த எல்லோரும் எழும்பியபின் போய், என்ன கொடுத்தேன், என்ன மாற்றினேன் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். எல்லோரும் விரும்பிக் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது. யட்டவத்தைப் பெரியவர் ஒருவர், அதெல்லாம் கிடக்கட்டும் மிஸ்ஸி, சோறு எப்போது தருவீர்கள் என்றார். அவருக்கும் முழுவதும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

இரண்டு மாதம் கழித்து ஹாஜரா ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். பல்லேபொலவுக்கு அழைத்துப் போகச் சொன்னார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். நந்தாவின் வீட்டில் வட்டிலப்பத்தை மேசையில் வைத்துவிட்டு, அன்றைக்குச் சொன்னதை இப்போது சொல்லிக் காட்டுங்கள் என்று சிங்களத்தில் கேட்டார். நந்தா வெட்கப்பட்டார். பிறகு கையைக் கோத்துக்கொண்டு, பத்தொன்பது வருடத்துக்குப் பிறகும், தடுமாறாமல் சொன்னார். ஹாஜரா கண்ணை மூடிக் கேட்டார்.

"ரெண்டு எடத்துல பிழை," என்றார் என்னிடம், தமிழில். "அது அவங்க பிழை இல்ல. நான் வலியில அப்படித்தான் சொல்லியிருப்பேன்."

நந்தாவின் கையைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினார்.

"நீங்க இனிமே வாசிச்சிட்டு கையெழுத்து வைங்க டொக்டர்."

வாசிக்கிறேன் என்றேன்.